தலைக்காய ஆய்வுக்குக் கையெழுத்து கேட்டால் என்ன செய்வது? ஆறு மாதம் கழித்து வரும் போனை ஏன் எடுக்க வேண்டும்?

#1 ராயபுரம்வாசி

வடசென்னை நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம். தலையில் அடிபட்டு வருகிறவர்களைப் பற்றிய மருத்துவ ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளராக வேலை செய்கிறேன். எந்த மருத்துவமனை என்று இங்கே எழுதுவது முறையல்ல, மன்னிக்கவும். நோயாளியின் உறவினரிடம் ஆய்வை விளக்கிச் சம்மதம் கேட்பது என் வேலையில் ஒரு பாதி. ஆறு மாதம் கழித்துப் போன் செய்து, அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரிப்பது மறுபாதி.

அந்த மறுபாதிதான் கஷ்டம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் பைக்கிலிருந்து விழுந்தவர், கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்தவர், குளியலறையில் வழுக்கிய பாட்டி, எல்லோருடைய கேஸ் ஷீட்டிலும் ஒரு நம்பர் இருக்கும். ஆறு மாதத்தில் சிம் மாறியிருக்கும். அல்லது வீட்டைக் காலி செய்து பெரும்பாக்கத்துக்கோ கண்ணகி நகருக்கோ போயிருப்பார்கள். தெரியாத நம்பர் என்றால் கடன்காரர்கள் என்று நினைத்து எடுக்காமல் விடுகிறவர்களும் உண்டு.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். மூளையில் அடிபட்டவருக்குச் செய்த சிகிச்சை பலன் தந்ததா இல்லையா என்பது டிஸ்சார்ஜ் அன்று தெரியாது. உயிரோடு வீட்டுக்குப் போனவர் எழுந்து நடந்தாரா, தானாகச் சாப்பிட்டாரா, வேலைக்குத் திரும்பினாரா என்பதெல்லாம் மாதக்கணக்கில்தான் தெரியும். அதனால் உலகம் முழுவதும் இந்தத் துறையின் பெரிய ஆய்வுகள் பெரும்பாலும் ஆறாவது மாதத்திலோ பன்னிரண்டாவது மாதத்திலோ நிலையைப் பார்த்துத்தான் முடிவு சொல்கின்றன. நன்றாகத் தேறியவர் வேலைக்குப் போய்விடுகிறார், போன் எடுக்க நேரமில்லை. இறந்துபோனவர் வீட்டில் அந்த நம்பரையே நிறுத்திவிடுகிறார்கள். நடுவில் இருப்பவர்கள் மட்டும் பதில் சொன்னால் மொத்தக் கணக்கும் கோணலாகிவிடும். நம் பகுதி ஆட்களின் நிலை அந்தக் கணக்கில் சரியாக ஏற வேண்டும் என்பதற்காகத்தான் இந்த இழை. கேள்வி இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

#2 எண்ணூர் கடலோரம்

ராயபுரம்வாசி சார், உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் எங்கள் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். அனல் மின்நிலையச் சாம்பல் எங்கள் கழிமுகத்தில்தான் விழுகிறது. 2017-ல் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளியால் அள்ளியவர்களில் எங்கள் பையன்களும் இருந்தார்கள். 2023 டிசம்பரில் நள்ளிரவில் அமோனியா கசிந்தபோது குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் நாங்கள்தான். எதுவாக இருந்தாலும் முதலில் எங்கள் உடம்பில்தான் பரீட்சை நடக்கிறது என்ற எண்ணம் இங்கே ஆழமாக இருக்கிறது. அது காரணமில்லாமல் வந்த எண்ணமில்லை.

ஐசியூ வாசலில் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மாவிடம் பக்கம் பக்கமாகக் காகிதத்தை நீட்டினால், அவர் போடும் கையெழுத்து சம்மதமா? மறுத்தால் மகனைச் சரியாகப் பார்க்க மாட்டார்களோ என்ற பயத்தில்தான் போடுவார். உங்களுக்குத் தெரிந்தவரை இதற்கு நேர்மையான பதில் சொல்லுங்கள்.

#3 ராயபுரம்வாசி

கேள்வி நியாயமானது. சம்மதம் பற்றிப் பிறகு வருகிறேன். பரீட்சை என்று சொன்னீர்களே, அதற்கு முதலில் ஒரு உண்மைக் கதை.

தலையில் அடிபட்டவர்களுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவது பல பத்தாண்டுகள் பல நாடுகளில் வழக்கமாக இருந்தது. மூளையில் கட்டி இருந்தால் அதைச் சுற்றிய வீக்கத்தை ஸ்டீராய்டு நன்றாகக் குறைக்கும். அடிபட்டு வரும் வீக்கத்தையும் அப்படியே குறைக்கும் என்று மருத்துவர்கள் நம்பினார்கள். நல்லெண்ணத்தோடுதான் போட்டார்கள். சிறிய ஆய்வுகள் சில நல்லது என்றன, சில இல்லை என்றன. கடைசியில் கிராஷ் என்ற பெரிய ஆய்வு வந்தது. 20,000 பேரைச் சேர்ப்பது திட்டம். பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு, பாதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில்.

10,008 பேர் சேர்ந்த நிலையில், 2004-ல், ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள், ஸ்டீராய்டு போட்டவர்களில் 21.1 சதவீதம், போடாதவர்களில் 17.9 சதவீதம். நூறு பேருக்குப் போட்டால் மூன்று பேர் கூடுதலாக இறந்திருக்கிறார்கள். ஆறு மாதக் கணக்கும் அதையே சொன்னது: 25.7, 22.3.

கிராஷுக்கு முன்னால் எத்தனை நாட்டில் எத்தனை வார்டில் அந்த ஊசி போடப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதுவும் ஒரு பரீட்சைதான். அதற்குப் பெயர் வைக்கவில்லை, கணக்கு எழுதவில்லை, யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை. என்னை இந்த வேலையில் நிற்க வைத்திருப்பது இந்த ஒரு விஷயம்தான்.

#4 பழைய வண்ணாரப்பேட்டை செவிலியர்

ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ். தம்பி சொல்வது உண்மை. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் தலைக்காயம் என்றாலே மூளை வீக்கத்துக்கான மன்னிட்டாலும், டெக்சா என்ற ஸ்டீராய்டு ஊசியும் ஆர்டரில் ஒன்றாக இருக்கும். அன்றைக்குப் பாடப்புத்தகமும் அதுதான், பெரிய டாக்டர்களின் அனுபவமும் அதுதான். பிறகு டெக்சா ஆர்டரிலிருந்து போய்விட்டது. ஏன் போனது என்று வார்டில் எங்களுக்கு யாரும் உட்கார்ந்து சொன்னதில்லை. இப்போது இதைப் படிக்கும்போதுதான் அந்த எண்ணிக்கையின் கனம் புரிகிறது.

உறவினர்கள் அடிக்கடி கேட்கும் ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். ஜிசிஎஸ் எட்டு, ஜிசிஎஸ் ஆறு என்று டாக்டர்கள் பேசிக்கொள்வார்கள். கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரண்டு டாக்டர்கள் 1974-ல் கொண்டுவந்த, நினைவு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் அளவுகோல் அது. கண் திறப்பதற்கு நான்கு வரை, பேச்சுக்கு ஐந்து வரை, கை கால் அசைவுக்கு ஆறு வரை மதிப்பெண். முழு நினைவு என்றால் 15. எதற்குமே அசைவில்லை என்றால் 3, பூஜ்யம் கிடையாது. எட்டும் அதற்குக் கீழும் கடுமையான காயம். வாயில் குழாய் இருந்தால் பேச்சுக்கு மதிப்பெண் போட முடியாது என்பதால் மொத்தத்தை மட்டும் கேட்டுப் பயப்படாதீர்கள். "சொன்னதைக் கேட்டுக் கையைத் தூக்குகிறாரா? கண்ணில் டார்ச் அடித்தால் கண் பாப்பா சுருங்குகிறதா?" இந்த இரண்டையும் டியூட்டி டாக்டரிடம் கேளுங்கள், நிலவரம் ஓரளவு புரிந்துவிடும்.

#5 காசிமேடு அக்கா

எல்லாரும் படிச்சவங்க எழுதறீங்க, நான் தெரிஞ்ச மாதிரி எழுதறேன். என் தம்பிக்குப் பைக்கில் போகும்போது டிரெய்லர் உரசித் தலையில் அடி. மூளைக்கு மேல் ரத்தம் கட்டியிருக்கிறது என்று ஆபரேஷன் செய்தார்கள். மண்டை எலும்பில் ஒரு பக்கத்தை எடுத்து வயிற்றில் தோலுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். கட்டு மேலே "எலும்பு இல்லை" என்று எழுதியிருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து அம்மா சாப்பிடவே இல்லை.

உயிருக்கு ஆபத்து குறைந்திருக்கிறது, ஆனால் எப்படி எழுந்து வருவார் என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். மண்டையைத் திறந்தால் ஆள் படுத்த படுக்கைதான், ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று சொந்தக்காரர்கள் என்னைக் கேட்கிறார்கள். நேற்று ஒரு அம்மா வந்து, ஆறு மாதமும் ஒரு வருடமும் கழித்துப் போன் செய்வோம், அதற்குச் சம்மதமா என்று கேட்டார். புது மருந்து எதுவும் இல்லையாம். கையெழுத்துப் போடலாமா? ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டது சரிதானா?

#6 ராயபுரம்வாசி

அக்கா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது கவனித்துக் குறித்துக்கொள்ளும் ஆய்வு. மருந்தோ சிகிச்சையோ மாறாது. ஆனாலும் நான் சொல்கிறேன் என்பதற்காகப் போடாதீர்கள். தமிழில் தகவல் தாள் தர வேண்டும், அதை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படியுங்கள். தம்பிக்கு நினைவு திரும்பினால் அவரிடமும் சம்மதம் கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். மறுத்தாலும் நடுவில் விலகினாலும் சிகிச்சையில் ஒரு குறையும் வரக் கூடாது.

எண்ணூர் அண்ணா கேட்டதற்கும் சேர்த்துச் சொல்கிறேன். இந்தியாவில் மருத்துவச் சோதனைகளைச் சிடிஆர்ஐ என்ற பொதுப் பதிவேட்டில் பதிவது 2009-லிருந்து கட்டாயம். அந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி நெட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். புது மருந்துச் சோதனை என்றால் 2019 விதிகளின்படி, ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். தகவல் தாளில், ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் இருக்கும். எங்களைப் பற்றிப் புகார் சொல்ல வேண்டிய இடம் அதுதான், பயப்படாமல் சொல்லுங்கள். அந்த அம்மாவின் பயத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. விதி இருந்தாலும் பயம் இருக்கும். அதனால் சிகிச்சை பார்க்கும் டாக்டரே கையெழுத்துக் கேட்கக் கூடாது, வேறொருவர்தான் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆபரேஷன் பற்றி டாக்டர்கள் யாராவது சொல்லுங்கள்.

#7 நியூரோ பிஜி

அக்கா, உங்கள் தம்பியின் ஸ்கேனைப் பார்க்காமல் அவரைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது. இந்த ஆபரேஷனைப் பற்றித் தெரிந்திருப்பதைச் சொல்கிறேன்.

மண்டை ஓடு மூடிய பெட்டி. உள்ளே மூளை வீங்கினால் விரிய இடமில்லை, அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்றுபோகும். அதனால் எலும்பை எடுத்து இடம் தருகிறோம். எப்போது எடுப்பது என்பதில்தான் விவாதம். 2011-ல் வந்த டெக்ரா ஆய்வில் 155 பேர். அழுத்தம் சற்று ஏறியதுமே எலும்பை எடுத்தார்கள். அழுத்தம் குறைந்தது, ஐசியூ நாட்களும் குறைந்தன, ஆனால் ஆறு மாதத்தில் மோசமான நிலையில் இருந்தவர்கள் ஆபரேஷன் செய்தவர்களில் 70 சதவீதம், செய்யாதவர்களில் 51. மானிட்டரில் எண் நன்றாக இருந்தது, ஆள் நன்றாக இல்லை. ஆறு மாதக் கேள்வி கேட்காமல் விட்டிருந்தால் அதை வெற்றி என்றே எழுதியிருப்பார்கள்.

2016-ல் ரெஸ்க்யூ ஐசிபி. 408 பேர். இங்கே மருந்து எல்லாம் கொடுத்தும் அழுத்தம் அடங்காதபோது கடைசி வழியாகத்தான் எலும்பை எடுத்தார்கள். ஆறு மாதத்தில் இறந்தவர்கள் ஆபரேஷன் செய்தவர்களில் 26.9 சதவீதம், மருந்து மட்டும் பெற்றவர்களில் 48.9 சதவீதம். நூறு பேருக்கு 22 உயிர் கூடுதலாகப் பிழைத்தது. ஆனால் அந்த 22 பேரில் சுமார் 6 பேர் கண் திறந்தும் உணர்வில்லாத நிலை, 8 பேர் எல்லாவற்றுக்கும் பிறரைச் சார்ந்த நிலை, 8 பேர் வீட்டுக்குள் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலை அல்லது அதைவிட மேல். ஒரு வருடம் போனதும் கணக்கு இன்னும் நல்ல பக்கம் சாய்ந்தது. வீட்டுக்குள்ளாவது சுதந்திரமாக இருந்தவர்கள் 45.4 சதவீதம், மருந்துப் பிரிவில் 32.4.

உங்கள் தம்பிக்கு ரத்தக்கட்டியை எடுக்கத்தான் மண்டையைத் திறந்திருக்கிறார்கள், அது இன்னும் வேறு. அங்கே கட்டியை எடுக்காவிட்டால் உயிரே போயிருக்கலாம். கட்டியை எடுத்த பிறகு எலும்பைத் திரும்ப வைப்பதா வெளியே விடுவதா என்பதை 2023-ல் வந்த ரெஸ்க்யூ ஏஎஸ்டிஎச் பார்த்தது. 450 பேர், இந்திய மையங்களும் உண்டு. ஒரு வருடத்தில் இரண்டு பிரிவும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருந்தன. எலும்பை வைத்து மூடியவர்களில் 14.6 சதவீதம் பேருக்கு இரண்டு வாரத்துக்குள் மறுபடி மண்டை ஆபரேஷன் தேவைப்பட்டது, வெளியே விட்டவர்களில் 6.9. புண் தொந்தரவு அதற்கு நேர்மாறு: 3.9, 12.2. மூளை வீங்கி வெளியே தள்ளிக்கொண்டிருந்தால் எலும்பை வைக்கவே முடியாது, அப்படிப்பட்டவர்கள் அந்த ஆய்வில் இல்லை.

ஒத்துக்கொண்டது தப்பு என்று சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். டாக்டர் "சொல்ல முடியாது" என்றது தட்டிக்கழிப்பதற்காக இல்லை. ஒரே மாதிரி அடிபட்டவர்கள் இப்படி மூன்று நான்கு பாதையில் பிரிகிறார்கள் என்பதால்தான்.

#8 எண்ணூர் கடலோரம்

விளக்கமாக எழுதியதற்கு நன்றி டாக்டர். ஆனால் இதெல்லாம் பெரும்பாலும் பிரிட்டன், ஆஸ்திரேலியா கணக்கு. அங்கே அடிபட்ட சில நிமிடத்தில் ஆம்புலன்ஸ், வீட்டுக்கு வந்து பயிற்சி தர ஆள். இங்கே கன்டெய்னர் வரிசையில் ஆம்புலன்ஸே மாட்டிக்கொள்கிறது. அந்த எண் எங்களுக்கு எப்படிப் பொருந்தும்?

#9 நியூரோ பிஜி

முழுதாகப் பொருந்தாது, அண்ணா. ரெஸ்க்யூ ஐசிபியில் பெரும்பாலானோர் பிரிட்டன் நோயாளிகள்தான். பொருந்தாததுதான் நம் ஊரில் ஆய்வு வேண்டும் என்பதற்கான காரணம்.

நம்மைப் போன்ற நாடுகளில் செய்த ஒரு ஆய்வு என்ன மாற்றியது என்று சொல்கிறேன். மண்டைக்குள் கம்பி போல ஒரு கருவி செருகி அழுத்தத்தை அளப்பது பணக்கார நாடுகளில் கட்டாயம் போல இருந்தது. 2012-ல் பொலிவியா, ஈக்வடார் ஆஸ்பத்திரிகளில் 324 பேரிடம் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்குக் கருவி, மற்றதற்கு அடிக்கடி சிடி ஸ்கேனும் டாக்டர் நேரில் பரிசோதிப்பதும். ஆறு மாதத்தில் வித்தியாசம் இல்லை. கருவி இல்லாத வார்டில் வேலை பார்க்கும் எங்களுக்கு அந்த முடிவு எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? உற்றுக் கவனித்துப் பார்க்கும் சிகிச்சையும் சிகிச்சைதான் என்று அது சொன்னது.

கிராஷ் 2, விபத்தில் ரத்தம் கொட்டியவர்களுக்கு, ரத்தக் கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு, 2010. 20,211 பேரில் இந்தியர்களின் பங்கு பெரியது. அதன் தொடர்ச்சியாகத் தலைக்காயத்துக்கு கிராஷ் 3, 2019-ல். 12,737 பேர். மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால், லேசான, நடுத்தரக் காயம் உள்ளவர்களில் தலைக்காயத்தால் வரும் சாவு குறைந்தது. மிகக் கடுமையான காயத்தில் பலன் தெரியவில்லை. விலை குறைந்த பழைய மருந்து அது. பதிலுக்குப் பெரிய நம்பிக்கையோடு வந்த புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் மருந்து 2014-ல் இரண்டு பெரிய ஆய்வுகளிலும் தோற்றது. உடம்பைக் குளிர வைக்கும் முறையும் அப்படியே.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 1950-ல் பி. ராமமூர்த்தி சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அதற்கு முந்தைய வருடம் வேலூரில் ஜேக்கப் சாண்டி. இந்திய நரம்பியல் சங்கமே 1951-ல் இந்த ஊரில்தான் பிறந்தது. வெளியூர் எண்ணை வாங்கிக்கொள்ள மட்டும் நாம் இருக்க வேண்டியதில்லை. நம் வார்டு எண்ணை உலகத்துக்குத் தரும் தகுதி இந்த ஊருக்கு எப்போதோ வந்துவிட்டது.

#10 மணலி டிரெய்லர்

நான் டிரைவர். அந்தச் சாலையில் தினமும் ஓட்டுகிறேன், எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் நடக்கும் விபத்துகளைப் பார்த்தவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. ஹெல்மெட் போட்டால் தலைக்காயம் 69 சதவீதமும் சாவு 42 சதவீதமும் குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008-லேயே எழுதிவிட்டார்கள். இங்கே தலையில் இருக்கிறது, தாடைக்குக் கீழ் பட்டி மாட்டுவதில்லை. விழும்போது முதலில் ஹெல்மெட்தான் பறக்கிறது. தம்பிகளே, டக் என்று சத்தம் வரும்வரை மாட்டுங்கள். எங்கள் இடது பக்கம் நுழையாதீர்கள், கண்ணாடியில் தெரிய மாட்டீர்கள்.

அப்புறம், அடிபட்டவருக்குப் பணம் இருக்கிறதா என்று யோசித்து நிற்க வேண்டாம். "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும். 108-க்குப் போன் செய்யுங்கள், ஆட்டோவில் கழுத்தை மடித்துத் தூக்கிப் போடாதீர்கள்.

#11 பெரம்பூர் பிசியோ

காசிமேடு அக்காவுக்காக எழுதுகிறேன். கடுமையான தலைக்காயம் அடைந்தவர்களைத் தொடர்ந்து பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2021-ல் வந்தது. இரண்டாவது வாரத்தில் உணர்வில்லாமல் கண் மட்டும் திறந்திருந்தவர்களில் 78 சதவீதம் பேர் ஒரு வருடத்துக்குள் நினைவு திரும்பினார்கள். தான் யார், எங்கே இருக்கிறோம், என்ன நாள் என்று சொல்லும் அளவுக்குத் தெளிந்தவர்கள் கால்வாசிப் பேர். இரண்டு வாரத்தில் "இனிமேல் அவ்வளவுதான்" என்று யாராவது சொன்னால் நம்பி ஓய்ந்துவிடாதீர்கள்.

2024-ல் இன்னொன்று. சொன்னதற்கு எந்த அசைவும் காட்டாத 241 பேரை மூளை ஸ்கேனிலும், மூளையின் மின் அலையைப் பதியும் இஇஜியிலும் பார்த்தபோது, 60 பேரின் மூளை சொன்னதைக் கேட்டு வேலை செய்திருக்கிறது. உடம்பு அசையவில்லை, உள்ளே கேட்டுக்கொண்டிருந்தார்கள். தயவுசெய்து கட்டிலருகே நின்று சொத்துத் தகராறும் சாவுப் பேச்சும் பேசாதீர்கள். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதும் நிறைய. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வையுங்கள், படுக்கைப் புண் வராது. விரல், கணுக்கால், முழங்கை மூட்டுகளைத் தினமும் அசையுங்கள், மடங்கி இறுகிவிட்டால் பிறகு நினைவு வந்தும் பயனில்லை. மூக்குக் குழாயில் கஞ்சி விடும்போது தலைப் பக்கம் உயரமாக இருக்கட்டும். பாசத்தில் வாயில் இட்லி ஊட்டிவிடாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குப் போனால் ஆபத்து.

#12 கொருக்குப்பேட்டை இல்லத்தரசி

நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை. என் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை. தலையில் அடிபட்டு, ஆபரேஷன் இல்லாமலே தேறி வந்தார். நடக்கிறார், பேசுகிறார், ஆள் பார்க்க முன்னைப் போலவே இருக்கிறார். ஆனால் அளவு மனதில் நிற்பதில்லை. பட்டறைச் சத்தம் தாங்கவில்லை. பிள்ளைகள் சிரித்தால் கோபம், பிறகு அழுகை. "ஆள் நல்லாத்தானே இருக்கார், நீதான் பெரிசு பண்றே" என்று மாமியார் முதல் டீக்கடை வரை சொன்னார்கள்.

ஆறு மாதம் கழித்து ஒரு பெண் போன் செய்தார். வீட்டில் தனியாக விட முடிகிறதா, கடைக்குத் தனியாகப் போய்ச் சரியாகச் சில்லறை வாங்கி வருகிறாரா, பஸ்ஸில் போகிறாரா, பழைய வேலைக்குப் போகிறாரா, வீட்டில் சண்டை சச்சரவு கூடியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கோபத்தைப் பற்றி யாரும் என்னைக் கேட்டது அதுதான் முதல் முறை. அது அவருடைய குணம் இல்லை, காயத்தின் மிச்சம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஓபியில் காட்டச் சொன்னார், காட்டினோம். மருந்தும் ஆலோசனையும் நடக்கிறது. முழுதாகச் சரியாகவில்லை. ஆனால் என்னிடம் இப்போது பதில் இருக்கிறது.

#13 ராயபுரம்வாசி

அம்மா, எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்ன கேள்விகள்தான், அடிபட்டவர் எவ்வளவு தேறியிருக்கிறார் என்று நாங்கள் அளக்கும் அளவுகோல். ஜென்னட்டும் பாண்டும் 1975-ல் ஐந்து படியாக வைத்தார்கள். இப்போது எட்டுப் படியாக விரித்துப் பயன்படுத்துகிறோம். இறப்பு ஒன்று, முழுத் தேர்ச்சி எட்டு.

இதில் நம் ஊருக்கு ஒரு சிக்கல் உண்டு, இந்த வேலையில் இருப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும். போட்டில் கடலுக்குப் போனவர் இப்போது கரையில் வலை பின்னுகிறார் என்றால் அது வேலைக்குத் திரும்பியதா? முன்னால் லோடு தூக்கியவர் இப்போது அண்ணன் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தால்? "வேலைக்குப் போகிறாரா" என்று கேட்டு, "போறார்" என்ற பதிலை அப்படியே டிக் அடித்தால் அவருக்கு ஒரு படி கூடுதலாகப் போய்விடும். முன்பு என்ன செய்தார், இப்போது என்ன செய்கிறார், கூலி அதேதானா என்று துருவிக் கேட்டால்தான் உண்மை வரும். யார் போனை எடுக்கிறார்கள் என்பதும் முக்கியம். "நல்லா இருக்கேன்" என்று அவர் சொல்வார். கூட இருந்து பார்ப்பவரிடம் கேட்டால் கதை வேறு. முடிந்தவரை இருவரிடமும் கேட்கிறோம்.

#14 எண்ணூர் கடலோரம்

அந்த அம்மா எழுதியதைப் படித்த பிறகு போனை எடுக்க வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கோரிக்கை. ஆய்வு முடிந்ததும் இங்கிலீஷ் பத்திரிகையில் போடுகிறீர்கள், மாநாட்டில் பேசுகிறீர்கள். தகவல் தந்த வீட்டுக்கு என்ன தெரிந்தது என்று யாரும் சொல்வதில்லை. தமிழில் ஒரு பக்கம், கலந்துகொண்ட எல்லா வீட்டுக்கும். அதைச் செய்யாதவரை எங்கள் தகவலை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்ற எண்ணம் மாறாது.

#15 ராயபுரம்வாசி

இது எங்கள் பக்கத்துக் குறைதான், மறுக்கவில்லை. எங்கள் குழுவில் இதை எழுதிக் கொடுக்கிறேன். நீங்களும் கையெழுத்துப் போடும்போதே "முடிவு வந்தால் எனக்குத் தெரிவிக்க வேண்டும்" என்று கேளுங்கள். கேட்கிறவர்கள் கூடினால்தான் வழக்கமாகும்.

#16 காசிமேடு அக்கா

எல்லாருக்கும் நன்றி. தாளை வாங்கிப் படித்தேன், பக்கத்து வீட்டு டீச்சரும் படித்துச் சொன்னார். கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் நம்பரோடு டீச்சர் நம்பரும் கொடுத்தேன், வீடு மாறினாலும் அவர் மூலம் கிடைப்பேன். தம்பி இன்று காலை அம்மா விரலைப் பிடித்தான், சொல்லித்தான் பிடித்தானா தானாகப் பிடித்தானா தெரியவில்லை. டாக்டர், எலும்பை எப்போது திரும்ப வைப்பார்கள்? வலிப்பு மாத்திரை எவ்வளவு நாள்?

#17 நியூரோ பிஜி

விரலைப் பிடித்ததை டியூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள் அக்கா. உள்ளங்கையில் எது பட்டாலும் தானாக மடங்குவதுண்டு. அதனால் "விடு" என்று சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். விட்டால் அது நல்ல செய்தி.

எலும்பை வைப்பது வீக்கம் முழுதாக வற்றி, புண்ணில் சீழ் எதுவும் இல்லாமல் இருந்தால்தான். பொதுவாகச் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள். அதுவரை அந்தப் பக்கம் அழுத்திப் படுக்க வைக்காதீர்கள். எழுந்து நடக்க ஆரம்பித்தால் தலைக்குக் காப்புத் தொப்பி கேட்டு வாங்குங்கள். வலிப்பு மருந்து முதல் வாரத்து வலிப்பைத் தடுக்கிறது, அதற்குப் பிறகு வரும் வலிப்பைத் தடுப்பதில்லை என்று 1990-லேயே தெரிந்துவிட்டது. ஆனால் தம்பிக்கு ஏற்கெனவே வலிப்பு வந்திருந்தால் கணக்கு வேறு. நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டுவிட்டு நிறுத்துங்கள். தையல் வழியாகத் தண்ணீர் போலக் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, எலும்பு இல்லாத இடம் திடீரென்று புடைத்து இறுகினாலோ, ஓபி நாளுக்குக் காத்திருக்காமல் நேராக எமர்ஜென்சிக்குக் கூட்டி வாருங்கள்.